சம்பளமும் சான்றிதழும்

2016 செப்டம்பரில் ஏமன் நாட்டின் மத்திய வங்கி சனாவிலிருந்து ஏடனுக்கு மாற்றப்பட்டது. தலைநகர் சனா 2014 முதல் ஹூதி இயக்கத்தின் பிடியில் இருந்தது. பன்னாட்டு அங்கீகாரம் பெற்ற அரசு, கருவூலத்தை எதிராளியின் கைக்கெட்டும் இடத்தில் விட்டுவைக்க விரும்பவில்லை. போரின் கண்ணோட்டத்தில் இது ஒரு நிதி நடவடிக்கை. ஆனால் அடுத்த மாதத்திலிருந்து ஹூதிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் அரசு ஊழியர்களுக்குச் சம்பளம் வருவது நின்றது. அந்த ஊழியர்களில் பெருந்தொகையினர் பள்ளி ஆசிரியர்கள். யுனிசெஃப் கணக்குப்படி 11 மாகாணங்களில் ஏறக்குறைய 1.7 லட்சம் ஆசிரியர்கள், அதாவது நாட்டின் ஆசிரியர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், அன்றுமுதல் ஒழுங்கான சம்பளமின்றி ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்தார்கள், அல்லது வேலையை விட்டுப் போனார்கள்.

போர் நடக்கும் நாடுகளில் குழந்தைகளின் கல்விக்கு உதவுவது என்ற பேச்சு எழும்போதெல்லாம் நம் மனக்கண்ணில் வருவது இடிந்த பள்ளிக்கட்டடமும், அதற்குப் பதிலாக எழுப்பப்பட்ட கூடாரமும், நீல நிறப் புத்தகப்பையைத் தோளில் மாட்டிய குழந்தையுமே. குண்டு விழுந்த பள்ளி செய்தியாகிறது, ஆக வேண்டியதுதான். சம்பளம் நின்ற பள்ளி செய்தியாவதில்லை, ஏனெனில் அது ஒரே நாளில் மூடப்படுவதில்லை. முதல் இரண்டு மாதம் ஆசிரியர் கடன் வாங்கிக்கொண்டு வருகிறார். பிறகு வாரத்தில் மூன்று நாள் வருகிறார். மற்ற நாட்களில் வண்டி ஓட்டுகிறார், கடையில் நிற்கிறார். வராதவரின் வகுப்பைப் பக்கத்து வகுப்போடு சேர்க்கிறார்கள். கணக்கும் அறிவியலும் நடத்துபவர்கள் முதலில் போய்விடுகிறார்கள், அவர்களுக்கு வெளியே வேலை கிடைக்கும் என்பதால். எஞ்சியவர்களுக்குக் கொடுக்கப் பெற்றோரிடம் வசூல் தொடங்குகிறது. வசூல் தொடங்கியதும் மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் எந்தப் பிள்ளையை நிறுத்துவது என்ற கேள்வி வருகிறது. கட்டடம் நிற்கிறது, கரும்பலகை இருக்கிறது, பதிவேட்டில் பெயர்களும் இருக்கின்றன. பள்ளிக்கூடம் மட்டும் இல்லை.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது இதைத்தான்: போர்க்காலத்தில் ஒரு பள்ளியைத் தாங்கி நிற்பவை ஆசிரியரின் சம்பளமும், மாணவரின் கையில் கடைசியில் கிடைக்கும் சான்றிதழும். இவ்விரண்டுக்கும் உதவி கிடைப்பதுதான் மிகவும் அரிது.

அளவைச் சொல்லிவிட்டு மேலே செல்லலாம். நெருக்கடி நாடுகளின் கல்விக்கென 2016இல் இஸ்தான்புல்லில் நடந்த உலக மனிதநேய உச்சிமாநாட்டில் தொடங்கப்பட்ட 'கல்வி காத்திருக்க முடியாது' என்ற ஐ.நா. நிதியம் 2025இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, போர், இடப்பெயர்வு, இயற்கைப் பேரழிவு ஆகியவற்றால் பாதிக்கப்பட்டுக் கல்வி உதவி தேவைப்படும் பள்ளிவயதுக் குழந்தைகள் 23.4 கோடி; அவர்களில் முற்றிலும் பள்ளிக்கு வெளியே இருப்பவர்கள் 8.5 கோடி. மனிதநேய உதவியாக உலகம் செலவிடும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் கல்விக்குப் போவது நெடுங்காலமாக மூன்று ரூபாய் அளவில்தான் இருந்துவருகிறது. உணவும் மருந்தும் உயிர்காக்கும், பாடம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது அந்தத் துறையில் ஊறிய எண்ணம். போர் ஆறு மாதத்தில் முடிந்தால் அந்த எண்ணத்தில் தவறில்லை. ஏமனிலும் சிரியாவிலும் தெற்கு சூடானிலும் ஒரு குழந்தையின் மொத்தப் பள்ளிப்பருவமும் 'பிறகு' என்பதற்குள்ளேயே கழிந்துவிட்டது.

உதவி வழங்கும் நாடுகள் ஏன் சம்பளத்தைத் தொடத் தயங்குகின்றன? கட்டடம் கட்டினால் திறப்பு விழாவோடு செலவு முடிகிறது. சம்பளத்துக்கு முடிவே கிடையாது. ஓராண்டு, ஈராண்டுத் திட்டங்களாகவே பணம் ஒதுக்கும் அமைப்புகளுக்கு அது அச்சமூட்டுகிறது. உண்மையில் இல்லாத ஆசிரியர்களின் பெயர்கள் ஊதியப் பட்டியலில் ஏறியிருக்கும் என்ற ஐயமும் உண்டு. பல நாடுகளில் அது வெறும் ஐயமுமல்ல. எல்லாவற்றுக்கும் மேலே அரசியல் இருக்கிறது: ஆயுதமேந்திய ஓர் இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருக்கும் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுத்தால், அந்த இயக்கத்தை அரசாக ஒப்புக்கொண்டதாகிவிடுமோ என்ற தயக்கம். இத்தனைக்கும் நடுவே கொஞ்சம் பணம் வந்தாலும் அதற்குச் சம்பளம் என்று பெயரிடுவதில்லை, 'ஊக்கத்தொகை' என்பார்கள். ஏமனில் சவூதி அரேபியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் தந்த நிதியிலிருந்து யுனிசெஃப் 2019இல் ஆசிரியர்களுக்கு மாதம் 50 டாலர் அளவில் வழங்கியது ஊக்கத்தொகைதான். போரில் ஒரு தரப்பாக நின்று வான்தாக்குதல் நடத்திய நாடுகளே மறுபுறத்து ஆசிரியருக்குப் படியளந்த அந்த விசித்திரம் தனியாக எழுதத் தக்கது. தெற்கு சூடானில் உள்நாட்டுப் பணத்தின் மதிப்பு சரிந்து ஆசிரியரின் மாதச் சம்பளம் சில டாலர்களாகச் சுருங்கியபோது, ஐரோப்பிய ஒன்றியம் 2017க்குப் பிறகு ஆயிரக்கணக்கான தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு மாதம் 40 டாலர் கொடுத்தது. அதுவும் ஊக்கத்தொகையே. சம்பளம் என்றால் பணிப்பாதுகாப்பு, ஓய்வூதியம், அடுத்த ஆண்டும் கேட்கும் உரிமை எல்லாம் கூடவே வரும். ஊக்கத்தொகையை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்.

பணம் எந்த நாணயத்தில், யார் வழியாக வருகிறது என்பதும் சிறிய விஷயமன்று. லெபனான் இதற்கு நல்ல பாடம். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சிரிய ஏதிலிகள் வந்து சேர்ந்த அந்தச் சிறிய நாட்டில், அரசுப் பள்ளிகள் காலையில் உள்நாட்டுக் குழந்தைகளுக்கும் பிற்பகலில் சிரியக் குழந்தைகளுக்குமாக இரண்டு வேளை நடந்தன. வெளிநாட்டு நிதி டாலரில் வந்தது. பிற்பகல் வகுப்பு எடுக்கும் ஒப்பந்த ஆசிரியருக்கோ மணிக்கணக்கு ஊதியம் லெபனான் லிராவில், பெரும்பாலும் பல மாதங்கள் பிந்திக் கிடைத்தது. 2019 வரை ஒரு டாலருக்கு 1,507 லிரா. நிதி அமைப்பு சரிந்தபின், 2023இல் வெளிச்சந்தையில் ஒரு டாலர் 90,000 லிராவைத் தொட்டது. ஒரு மணி நேர வகுப்புக்குக் கிடைக்கும் பணம் பள்ளிக்கு வந்துபோகும் பெட்ரோலுக்குப் போதாது என்ற நிலையில் ஆசிரியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். வாரக்கணக்கில் பள்ளிகள் மூடிக் கிடந்தன. தருவதாகச் சொன்ன நாடுகள் தந்தன. வர வேண்டிய கையில்தான் அது வந்து சேரவில்லை.

லெபனானில் சிரியக் குழந்தைகளுக்கு இன்னொரு சுவரும் இருந்தது. சிரியாவில் எல்லாப் பாடமும் அரபு மொழியில். லெபனானில் கணிதமும் அறிவியலும் பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ நடக்கும். ஊரில் ஏழாம் வகுப்பில் நன்றாகக் கணக்குப் போட்ட பையன், எல்லை தாண்டியதும் கேள்வியையே வாசிக்க முடியாதவனாகி, தன்னைவிட மூன்று நான்கு வயது சிறிய பிள்ளைகளோடு உட்கார வைக்கப்படுகிறான். பதின்மூன்று வயதில் அந்த அவமானத்தைத் தாங்குவதைவிடத் தோட்டத்தில் உருளைக்கிழங்கு பொறுக்கப் போவது அவனுக்கு எளிதாகப் படுகிறது. ஒன்பதாம் வகுப்பு இறுதித் தேர்வுக்கு அமர முந்தைய வகுப்புகளின் சான்றுகள் வேண்டும் என்ற விதி வேறு. அரசு சில ஆண்டுகளில் அதைத் தளர்த்தியது என்றாலும், இந்த ஆண்டு தளர்த்துவார்களா என்று தெரியாமல் படிப்பவனின் ஊக்கம் எத்தகையதாக இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கேதான் சான்றிதழின் பொருள் விளங்குகிறது. அது வெறும் தாள் என்று நமக்குத் தோன்றலாம். படித்ததே போதாதா, தாள் எதற்கு என்று நிலையான நாட்டில் வாழ்பவர்கள் கேட்கலாம். ஏதிலிக் குடும்பம் கணக்குப் போடுவது வேறு விதம். இன்றைக்கு வேலைக்கு அனுப்பினால் மாலையில் பணம் வரும். பள்ளிக்கு அனுப்பினால் பல ஆண்டுகள் கழித்து எந்த அரசாவது ஒப்புக்கொள்ளும் ஒரு சான்று வரும். அந்தச் சான்று வரவே வராது என்று தெரிந்தால் தராசின் ஒரு தட்டு காலியாகிவிடுகிறது. 1951ஆம் ஆண்டின் ஏதிலிகள் உடன்படிக்கையை எழுதியவர்கள் இதை அறிந்திருந்தார்கள். அதன் 22ஆம் பிரிவு, தொடக்கக் கல்வியில் ஏதிலிக் குழந்தைகளை ஒரு நாடு தன் குடிமக்களைப் போலவே நடத்த வேண்டும் என்று சொன்னதோடு, உயர்நிலைகளைப் பற்றிப் பேசும் இடத்தில் வெளிநாட்டுப் பள்ளிச் சான்றிதழ்களை ஏற்பது பற்றியும் குறிப்பிடுகிறது. லெபனானும் வங்கதேசமும் இந்தியாவும் அந்த உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடுகள்.

வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 2017 ஆகஸ்டு இறுதியில் மியான்மர் ராணுவத்தின் தாக்குதலுக்குத் தப்பி ஏழு லட்சத்துக்கும் அதிகமான ரோஹிங்கியா மக்கள் அங்கே வந்து சேர்ந்தனர். அவர்கள் நிலையாகத் தங்கிவிடக் கூடாது என்பது அரசின் கொள்கை. அந்தக் கொள்கை பள்ளியின் ஒவ்வோர் அங்கத்திலும் எழுதப்பட்டிருந்தது. செங்கல் கட்டடம் கூடாது, ஆகவே மூங்கிலும் தார்ப்பாயும். 'பள்ளி' என்ற பெயர் கூடாது, ஆகவே 'கற்றல் மையம்'. வங்க மொழிப் பாடத்திட்டம் கூடாது. ஒரு குடிசையில் நாற்பது குழந்தைகள் வீதம், இரண்டு மணி நேரமாக ஒரு நாளைக்கு மூன்று தொகுதிகள். ஆங்கிலம் சொல்லித்தர ஓர் உள்ளூர் வங்கதேச ஆசிரியர், பர்மிய மொழிக்கு ஒரு ரோஹிங்கியா ஆசிரியர். ஏதிலிகளுக்கு வேலை செய்ய அனுமதி இல்லாததால் பின்னவருக்கு 'தன்னார்வலர்' என்று பெயர், கிடைப்பது உதவித்தொகை. இந்த மையங்களில் எத்தனை ஆண்டு படித்தாலும் எந்த வகுப்பைத் தேறியதாகவும் பொருளில்லை. 2020 ஜனவரியில் மியான்மர் பாடத்திட்டத்தை நடத்த அரசு இசைந்தது. கொரோனாவால் தள்ளிப்போய் 2021 இறுதியில் அது தொடங்கியது. பெற்றோர் காட்டிய ஆர்வம் பெரிது, ஊர் திரும்பினால் பயன்படும் பாடம் என்பதால். ஆனால் அதைப் படித்துத் தேறியதாகச் சான்றளிக்க எந்த அரசும் இல்லை: மியான்மர் அவர்களைக் குடிமக்களாகவே ஏற்பதில்லை, வங்கதேசம் அவர்களை மாணவர்களாக ஏற்பதில்லை. இதே காலத்தில் முகாமுக்குள் ரோஹிங்கியா ஆசிரியர்கள் தாமாகவே நடத்திவந்த பள்ளிகளை அதிகாரிகள் மூடினர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் படம் முழுமையாகும். பிறகு 2025இல், பணக்கார நாடுகள் உதவியை வெட்டியபோது, யுனிசெஃப் ஆதரவில் இயங்கிய மையங்கள் பெருமளவில் நிறுத்திவைக்கப்பட்டன. உள்ளூர் ஆசிரியர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையிழந்து சாலையை மறித்தனர்.

சிரியாவுக்கு உள்ளேயே சான்றிதழுக்காகப் போர்க்களத்தைக் கடந்தவர்கள் உண்டு. போர்க்காலத்தில் நாடு துண்டுபட்டதும் ஆளுக்கொரு பாடத்திட்டம் வந்தது. வடகிழக்கில் குர்திய நிர்வாகம் தன் பாடநூல்களை நடத்தியது. அவற்றைப் படித்துப் பெற்ற சான்று அந்தப் பகுதிக்கு வெளியே செல்லுபடியாகவில்லை. ஆகவே ஒன்பதாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில், சோதனைச் சாவடிகள் பலவற்றைத் தாண்டி, டமாஸ்கஸ் அரசின் கட்டுப்பாட்டு நகரங்களுக்குச் சென்று தேர்வு எழுதித் திரும்பினர். அவர்கள் தங்கவும் உண்ணவும் யுனிசெஃப் போன்ற அமைப்புகள் ஏற்பாடு செய்தன. ஒரு தேர்வுக்காக இத்தனை ஆபத்தா என்று கேட்பதற்கு முன், அந்தப் பிள்ளைகளுக்கு நாட்டின் மற்ற பகுதிகளோடு எஞ்சியிருந்த ஒரே இணைப்பு அந்தத் தேர்வுதான் என்பதை நினைத்துப் பார்க்கலாம்.

ஆப்கானிஸ்தானைப் பற்றி ஒரு பத்தி போதும். அங்கே பணம் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பது இரண்டும் தெரிந்துவிட்டது. கோர் மாகாணத்தில் 31 கிராமங்களில் டேனா பர்டி, லீ லிண்டன் என்ற இரு ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வில், கிராமத்துக்குள்ளேயே ஒரு வீட்டிலோ மசூதியிலோ உள்ளூர் ஆசிரியரைக் கொண்டு வகுப்பு நடந்த இடங்களில் பெண் குழந்தைகளின் சேர்க்கை 52 விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்ந்தது. ஆண், பெண் இடைவெளி ஏறக்குறைய மறைந்தது. நடக்க வேண்டிய தூரம் குறைந்ததுதான் காரணம். 2021இல் தாலிபான்கள் திரும்பி வந்து ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்களுக்குப் பள்ளிக் கதவை மூடினர், 2022 டிசம்பரில் பல்கலைக்கழகக் கதவையும் மூடினர். அந்தக் கதவைத் திறக்க எந்த ஊக்கத்தொகையாலும் முடியவில்லை.

சம்பளமும் சான்றிதழும் இரண்டும் போரைக் கடந்து தொடர்ந்த இடம் எது என்று தேடினால், தமிழர்களுக்கு மிக அருகிலேயே ஒன்று இருக்கிறது. இலங்கையில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னிப் பகுதியில் காவல்துறை வேறு, நீதிமன்றம் வேறு, வரி வேறு. பள்ளிக்கூடம் மட்டும் கொழும்பினுடையது. ஆசிரியர்களுக்குச் சம்பளம் இலங்கை அரசிடமிருந்து வந்தது. பாடநூல்கள் அரசினுடையவை. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை, கல்விப் பொதுத் தராதரம் எனும் க.பொ.த. பொதுத்தேர்வின் சாதாரண தரம், உயர்தரம் ஆகிய மூன்றையும் இலங்கைப் பரீட்சைத் திணைக்களமே நடத்தியது. வினாத்தாள்கள் போர் எல்லைக்கோட்டைக் கடந்து வந்தன, விடைத்தாள்கள் அதே எல்லைக்கோட்டைக் கடந்து திரும்பின. பெருந்தன்மையால் நடந்ததென்று இதைச் சொல்ல முடியாது. சம்பளத்தை நிறுத்தினால் அந்தப் பகுதி தன் நாடல்ல என்று தானே ஒப்புக்கொண்டதாகும் என்பது அரசின் கணக்கு. இத்தனை ஆசிரியர்களுக்கும் தானே படியளக்க வேண்டியதில்லை என்பது இயக்கத்துக்கு வசதி. ஏமனில் எந்த அச்சம் சம்பளத்தை நிறுத்தியதோ, அதன் மறுபக்கம் வன்னியில் சம்பளத்தைத் தொடர வைத்தது.

அதனால் அங்கே பிள்ளைகள் நிம்மதியாகப் படித்தார்கள் என்று யாரும் எண்ண வேண்டாம். 1990இல் அரசின் பொருளாதாரத் தடை வந்து மின்சாரமும் எரிபொருளும் இல்லாதபோது, அப்போது புலிகளின் பிடியிலிருந்த யாழ்ப்பாணத்து வீடுகளில் ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அதில் சில துளி மண்ணெண்ணெய் விட்டு, நூல் திரியை ஏற்றிப் படித்தார்கள். போத்தலின் கண்ணாடி காற்றைத் தடுக்கும். பஞ்சு எண்ணெயை மெதுவாக விடும். ஒரு இரவு முழுவதும் எரியும் அந்தச் சுடரின் வெளிச்சம் ஒரு கொப்பிப் பக்கத்துக்கு மேல் விழாது. பள்ளி வளவுகளில் பதுங்குகுழி வெட்டினார்கள். 1995 செப்டம்பர் 22 அன்று யாழ்ப்பாணக் குடாநாட்டிலுள்ள நாகர்கோவில் மகா வித்தியாலயத்தின் மேல் விமானப்படை வீசிய குண்டுகளில் பள்ளிப் பிள்ளைகள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அடுத்த மாத இறுதியில் யாழ் நகரமும் அதைச் சூழ்ந்த வலிகாமப் பகுதியும் காலியானபோது பள்ளிகளும் சேர்ந்தே இடம்பெயர்ந்தன. இடம்பெயர்ந்த பள்ளி தன் பெயரையும் தலைமையாசிரியரையும் பதிவேட்டையும் விடாமல், இன்னொரு பள்ளியின் கட்டடத்தில் பிற்பகலிலோ மரநிழலிலோ நடந்தது. மறுபுறம், யுனிசெஃப் பதிவு செய்த ஆயிரக்கணக்கான சிறார் ஆள்சேர்ப்புக்கு விடுதலைப் புலிகளே பொறுப்பு; பள்ளிக்குப் போகும் வழியே பெற்றோருக்கு அச்சமான காலமும் அதுதான். போரின் கடைசி மாதங்களில் எல்லாம் குலைந்தது. ஆயினும் 2009 மே மாதம் போர் முடிந்து, ஆகஸ்டில் உயர்தரப் பரீட்சை வந்தபோது, மெனிக் பாம் முகாமில் முட்கம்பிக்குள் இருந்த மாணவர்களும் அதே வினாத்தாளுக்கு விடை எழுதினார்கள். ஒருநாள்கூடச் செல்லாத சான்றிதழுக்குப் படித்த தலைமுறை என்று அவர்களை யாரும் சொல்ல முடியாது.

கடல் கடந்து தமிழ்நாட்டுக்கு வந்தவர்களின் பிள்ளைகளுக்கு மாநில அரசுப் பள்ளிகள் திறந்திருந்தன. 1991இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பின் சில ஆண்டுகள் இறுக்கம் இருந்தது; மற்றபடி தனி 'கற்றல் மையம்' என்ற பேச்சே எழாமல், உள்ளூர்ப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பொதுத்தேர்வை எழுதினார்கள். மொழி ஒன்றாக இருந்ததால் லெபனானில் நேர்ந்த சிக்கல் இங்கில்லை. 1984இல் ஈழத் தமிழ் வழக்கறிஞர் சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாமில் படித்த இளைஞர்களைக் கொண்டே மாலை வகுப்புகளை நடத்தியது. காக்ஸ் பஜாரோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். எனினும் குடியுரிமை இல்லாத பட்டதாரிக்கு அரசு வேலைக்கு விண்ணப்பிக்க வழியில்லை. சான்றிதழ் செல்லும், அதை வைத்திருப்பவர்தான் செல்லமாட்டார் என்பது பல முகாம்களில் இன்றும் தொடரும் நிலை.

வன்னியில் சம்பளம் வந்தது என்றேன், எல்லாருக்கும் வரவில்லை. நியமனம் பெற்ற ஆசிரியர்கள் பலர் வெளியேறிவிட, வெற்றிடங்களை நிரப்பியவர்கள் உயர்தரம் முடித்த உள்ளூர் இளைஞர்கள், பெரும்பாலும் பெண்கள். அவர்களுக்கு அங்கே 'தொண்டர் ஆசிரியர்' என்று பெயர். ஊக்கத்தொகை, ஒப்பந்தம், தன்னார்வலர் என்ற வரிசையில் இதுவும் ஒன்று. சிறு கொடுப்பனவோடோ அதுவும் இன்றியோ அவர்கள் ஆண்டுக்கணக்கில் வகுப்பெடுத்தார்கள். போர் முடிந்தபின் நிரந்தர நியமனம் கேட்டு வடக்கில் அவர்கள் நடத்திய போராட்டங்கள் நெடுங்காலம் நீண்டன. நேர்முகத் தேர்வில் அவர்களிடம் கேட்கப்பட்டது, எந்தப் பள்ளியில் எந்தத் தேதி முதல் படிப்பித்தார்கள் என்பதற்கான பதிவேட்டுச் சான்று. ஐந்தாறு முறை இடம்பெயர்ந்த பள்ளிகளில் கையெழுத்திட்ட அந்த வரவுப் பதிவேடுகள் பலவும் முள்ளிவாய்க்காலைத் தாண்டி வரவில்லை.